இந்த 96 படிகள் யாருடையவை? நம் மெய்நிகர் உலகை நடத்தும் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்தினருக்கு,

சென்ற 12ஆம் தேதி நீங்கள் அனுப்பிய அறிவிப்பின் தலைப்பு 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்துகிறோம்' என்றிருந்தது. மேம்பாடு என்று வரும் அறிவிப்புகளைக் கடைசிப் பத்தியிலிருந்து படிப்பது என் வழக்கமாகிவிட்டது. இதையும் அப்படித்தான் படித்தேன். அங்கே மூன்று செய்திகள் இருந்தன. இன்னும் 90 நாளில் எக்ஸ்போர்ட் பொத்தான் எடுக்கப்படும். நாங்கள் கட்டியதை எங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள முடியாது. உலகத்துக்குள் நுழைய உதவும் நிரலை வியூவர் என்கிறோம்; அதே நாளிலிருந்து உங்கள் அதிகாரபூர்வ வியூவரைத் தவிர வேறு எதிலும் உள்ளே வர முடியாது. அப்புறம், விதிமுறைகளில் 'நீங்கள் உருவாக்குபவை உங்களுடையவை' என்றிருந்த வரி போய், 'வரம்புக்கு உட்பட்ட, பிறருக்கு மாற்ற முடியாத, எந்நேரமும் திரும்பப் பெறக்கூடிய உரிமம்' என்ற வரி வந்திருக்கிறது.

மூன்றையும் நான் ஏற்கவில்லை. அறிவிப்பின் அடியில் 'ஏற்கிறேன்' என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. ஏற்காதவர்கள் அழுத்துவதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் இங்கே 11 ஆண்டுகளாக இருக்கிறேன். பெரிய வியாபாரி இல்லை. சில மர பெஞ்சுகளும் விளக்குக் கம்பங்களும் செய்து விற்றிருக்கிறேன், அவ்வளவுதான். நில வாடகையை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. கடலோரமாக உள்ள என் துண்டு நிலத்தில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. 24 மீட்டர் உயரம். உள்ளே சுழல் படிக்கட்டு. மொத்தம் 96 படிகள். ஒவ்வொன்றும் கால் மீட்டர் உயரம், முந்தைய படியிலிருந்து 15 டிகிரி திரும்பியது. நான்கு சுற்று ஏறினால் விளக்கு அறைக்குள் நுழையலாம். முதல் தடவை 14 டிகிரி வைத்துக் கட்டிவிட்டேன். கடைசிப் படி வாசலுக்குப் போகாமல் சுவரில் போய் முட்டியது. முழுவதையும் பிரித்து மறுபடி அடுக்கினேன். அந்த ஒரு டிகிரிக்கு எனக்கு இரண்டு வார இரவுகள் செலவாயின. உங்கள் சர்வரில் அது சில கிலோபைட் எண்கள். அந்த எண்களை அங்கே வைத்தது யார் என்பதுதான் கேள்வி.

இனி ஒரு நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குக் கண்பார்வை இல்லை. தன்னார்வலர்கள் எழுதிய, எழுத்து மட்டுமே வரும் ஒரு வியூவர் வழியாகத்தான் அவர் இங்கே நடமாடுகிறார். அதில் படமே கிடையாது. சுற்றி யார் இருக்கிறார்கள், என்ன பொருள் இருக்கிறது, எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வரிவரியாக வரும். அதை அவருடைய ஸ்கிரீன் ரீடர் படித்துச் சொல்லும். முதல் முறை என் கலங்கரை விளக்கத்துக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். 'இங்கே நூறு சாமான் இருக்கிறது, நூறுக்கும் பெயர் பொருள். எதில் கால் வைப்பது?' என்று எழுதினார்.

புதிதாக எதைச் செய்தாலும் உங்கள் உலகம் அதற்கு 'பொருள்' என்றே பெயர் வைக்கும். கண்ணால் பார்க்கிற நாங்கள் யாரும் அந்தப் பெயரைக் கவனிப்பதே இல்லை. அன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றினேன். படி 1, படி 2 என்று தொடங்கி, கைப்பிடி இடது, ஜன்னல் கடல் பக்கம், விளக்கு அறை வாசல் வரைக்கும். மறுநாள் அவர் ஏறினார். மேலே வந்ததும் நன்றி சொல்வார் என்று பார்த்தால், 'படி 41 இரண்டு தடவை வருகிறது, 42 காணோம்' என்றார். சரிதான். எத்தனையோ பேர் ஏறி இறங்கிய படிக்கட்டு அது. அந்தத் தவறு வேறு யார் கண்ணிலும் படவில்லை.

90 நாள் கழித்து இவர் உள்ளே வர முடியாது. உங்கள் அதிகாரபூர்வ வியூவரை அவர் முயன்று பார்க்காமல் இல்லை. ஸ்கிரீன் ரீடரில் அது 'பொத்தான், பொத்தான், பொத்தான்' என்று மட்டும்தான் பேசுகிறது, ஏனென்றால் நீங்களும் உங்கள் பொத்தான்களுக்குப் பெயர் வைக்கவில்லை. இதைச் சுட்டிக்காட்டி நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் உங்களுக்கு எழுதினார். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் இன்னும் அவர் பெட்டியில் இருக்கிறது. நீங்கள் செய்யாமல் விட்ட வேலையை யாரோ சம்பளம் வாங்காமல் செய்து வைத்தார்கள். இப்போது அதையும் தடை செய்கிறீர்கள்.

நீங்கள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. வெளி வியூவர்கள் வழியாகத் திருட்டு நடக்கிறது, பிறர் செய்ததைச் சிலர் நகலெடுத்து விற்கிறார்கள் என்கிறீர்கள். நடக்கிறது, மறுக்கவில்லை. நான் செய்த பெஞ்சு வேறொருவர் பெயரில் விலைக்கு இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதற்காக மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?

இந்தப் பிரச்சினை உங்களுக்கு முன்பே மற்றவர்களுக்கு வந்திருக்கிறது. 2006 நவம்பரில் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில், பிறர் பொருட்களை நகலெடுக்கும் காப்பிபாட் என்ற நிரல் பரவியது. கடை வைத்திருந்தவர்கள் கொதித்துப்போய்க் கடைகளை இழுத்து மூடினார்கள். அந்த உலகத்தை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் அப்படி நகலெடுப்பது விதிமீறல் என்று அறிவித்தது. ஆனால் வாசலை அடைக்கவில்லை. இரண்டே மாதத்தில், 2007 ஜனவரியில், தன் வியூவரின் மூல நிரலையே கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டது. 2010இல் எமரால்டு என்ற வெளி வியூவர், தன்னைப் பயன்படுத்துவோரின் கணினிகளை அவர்களுக்குத் தெரியாமலே ஒரு விமர்சகரின் தளத்தின் மீது ஏவிவிட்ட விவகாரம் வெடித்தது. அப்போதும் அந்த ஒன்றைத்தான் வெளி வியூவர்களின் பட்டியலிலிருந்து தூக்கினார்கள். அந்தக் குழுவிலிருந்து விலகியவர்கள் ஃபீனிக்ஸ் என்ற வியூவரைத் தொடங்கினார்கள். அதன் தொடர்ச்சியான ஃபயர்ஸ்டார்மை இன்று அங்கே ஏராளமானோர் பயன்படுத்துகிறார்கள். பார்வையற்றவர்கள் பயன்படுத்திய ரேடகாஸ்ட் என்ற எழுத்து வியூவரும் அந்தத் திறந்த வாசல் வழியாக வந்ததுதான்.

இன்னொன்று, உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. என் திரையில் ஒரு பொருள் தெரிய வேண்டுமென்றால் அதன் வடிவமும், மேலே ஒட்டும் படமான டெக்ஸ்சரும் முதலில் என் கணினிக்கு வந்தாக வேண்டும். வந்ததைத் திருட நினைப்பவன் தன் நிரலுக்கு அதிகாரபூர்வ வியூவர் என்று பெயர் சூட்டிக்கொண்டு நுழைவான். நான் இன்ன வியூவர் என்று உண்மையைச் சொல்லி நுழைகிற என் நண்பர்தான் வாசலில் நிறுத்தப்படுவார். பொய் சொல்கிறவனை விட்டுவிட்டு மெய் சொல்கிறவரைப் பிடிக்கிற காவலை ஏற்படுத்துகிறீர்கள்.

உரிமைக்கு வருகிறேன். உலகம் காலியாகக் கிடந்தபோது நீங்கள் எங்களை அழைத்த வாசகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் கட்டுங்கள், அது உங்களுடையது என்றீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் பலர் இங்கே வந்தார்கள். செகண்ட் லைஃப் 2003 ஜூனில் திறந்தது; அதே ஆண்டு நவம்பரில், பயனர்கள் உருவாக்குவதன் அறிவுசார் உரிமை பயனர்களுக்கே என்று அறிவித்தது. அதுவரை பெரும்பாலான இணைய விளையாட்டுகளின் ஒப்பந்தங்கள் எல்லாம் எங்களுக்கே என்றுதான் எழுதி வைத்திருந்தன. அந்த அறிவிப்புக்குப் பிறகுதான் மற்றவர்களும், நீங்கள் உட்பட, 'உங்களுடையது' என்ற சொல்லை விளம்பரத்தில் போடத் தொடங்கினீர்கள். அந்தச் சொல்லால் உங்களுக்கு எத்தனை நகரங்கள், எத்தனை தோட்டங்கள் இலவசமாகக் கிடைத்தன என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

விளம்பரத்தில் சொன்னது வேறு, ஒப்பந்தத்தில் உள்ளது வேறு என்று உங்கள் வழக்கறிஞர்கள் சொல்லலாம். 2007இல் அமெரிக்க நீதிமன்றம் முடிவு சொன்ன பிராக் வழக்கை அவர்கள் படித்திருப்பார்கள். மார்க் பிராக் என்பவரின் கணக்கை லிண்டன் லேப் முடக்கி அவருடைய மெய்நிகர் நிலங்களைப் பறித்துக்கொண்டது. தகராறை நடுவர் மன்றத்தில்தான் தீர்க்க வேண்டும் என்ற விதியை அது காட்டியபோது, அந்த விதி ஒருதலைப்பட்சமானது, கட்டுப்படுத்தாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். நிலம் உங்களுடையது என்று நிறுவனத்தின் தலைவர் பொதுவெளியில் பேசியதை எல்லாம் தீர்ப்பில் எடுத்து எழுதினார். பிறகு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டதால், நிலம் யாருடையது என்ற கேள்வி மட்டும் பதில் இல்லாமலே நின்றுபோனது. நெதர்லாந்தில் அதைவிட ஒரு படி மேலே போனார்கள். இரண்டு சிறுவர்கள் 13 வயதுப் பையன் ஒருவனை அடித்து, ரூன்ஸ்கேப் விளையாட்டில் அவன் வைத்திருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் பறித்தார்கள். அவை வெறும் பிட்கள், அதிலும் விதிமுறைப்படி விளையாட்டு நிறுவனத்துக்குச் சொந்தமானவை, எப்படித் திருட்டாகும் என்று வாதாடினார்கள். 2012 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் திருட்டுதான் என்றது. அவன் செலவழித்த நேரமும் உழைப்பும் அவற்றுக்கு மதிப்பைத் தந்தன என்பது முக்கியமான காரணம். ஒரு தாயத்துக்கே அப்படி என்றால், 96 படிகளைச் செதுக்கியவன் என்ன சொல்வான்?

உங்கள் புதிய வரியில் எனக்கு மிகவும் உறுத்துவது 'எந்நேரமும் திரும்பப் பெறக்கூடிய' என்ற பகுதி. எந்நேரமும் என்பது எப்படி இருக்கும் என்று நான் அனுபவித்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை என் கணக்கு முடக்கப்பட்டது. பிறருடைய டெக்ஸ்சரைப் பயன்படுத்தினேன் என்று உங்கள் தானியங்கி கண்டுபிடித்ததாம். அந்த மர டெக்ஸ்சர், என் வீட்டு அலமாரிக் கதவை நானே எடுத்த புகைப்படம். கீல் பக்கம் ஒரு கீறல் கூட அதில் தெரியும். மூலப் படத்தை அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். உங்கள் மனு கிடைத்தது என்று ஓர் இயந்திரம் சொன்னது. 19 நாள் கழித்து 'பிழை சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அதற்குள் கடையில் வைத்திருந்த பொருட்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், நான் உள்ளேயே வர முடியாத அந்த 19 நாளில் நில வாடகை மட்டும் உரிய தேதியில் எடுக்கப்பட்டிருந்தது. கணக்கை முடக்கிய தானியங்கிக்கும் வாடகை எடுத்த தானியங்கிக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது.

அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது என்றால் ஒரே காரணம், அதற்கு முந்தைய மாதம் கலங்கரை விளக்கத்தை எக்ஸ்போர்ட் செய்து என் வன்தட்டில் வைத்திருந்தேன். இப்போது நீங்கள் எடுக்கப் போவது அந்தப் பொத்தானைத்தான்.

எக்ஸ்போர்ட் செய்யும் பழக்கம் எனக்கு வந்ததற்கும் ஒரு கதை உண்டு. இங்கே வருவதற்கு முன் வேறொரு சிறிய உலகத்தில் இருந்தேன். 30 நாள் அவகாசம் கொடுத்து மூடிவிட்டார்கள். எதையும் வெளியே எடுக்க வழியில்லை. கடைசி வாரம் முழுவதும் திரைப் படங்கள் எடுத்துத் தள்ளினேன். 212 படங்கள் இருக்கின்றன. படத்தில் கதவு திறக்காது. கடைசி இரவு ஒரு திண்டில் எட்டுப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது இணைப்பு அறுந்தது. என்ன சொல்ல வந்தார் என்பது இன்று வரை தெரியாது.

நிறுவனங்கள் நஷ்டப்படலாம், உலகங்களை மூட வேண்டி வரலாம். அதை நான் குறை சொல்லவில்லை. சர்வர்கள் காற்றில் ஓடுவதில்லை. மூடுகிற விதத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது. மோசில்லா நிறுவனம் 2024 மே 31இல், மெய்நிகர் அறைகளுக்கான தன் ஹப்ஸ் சேவையை நிறுத்தியது. நிறுத்தும் முன், பயனர்கள் தங்கள் தரவை இறக்கிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தது. நிரல் ஏற்கெனவே திறந்த மூலமாக இருந்ததால், வேண்டியவர்கள் சொந்த சர்வரில் தொடர முடிந்தது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற இணைய விளையாட்டு 2012 நவம்பரில் மூடப்பட்டது. ரசிகர்கள் தாங்களே சர்வர் நடத்தி அதை உயிரோடு வைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் அதன் உரிமையாளரான என்சிசாஃப்ட் அந்த ரசிகர் குழுவுக்கு முறையான உரிமமே கொடுத்தது. 2007இல் தொடங்கிய ஓபன்சிமுலேட்டர் என்ற கட்டற்ற மெய்நிகர் உலக மென்பொருளில் ஒரு நிலப்பகுதி முழுவதையும் மரம், மண், கட்டடத்தோடு ஒரே கோப்பாகச் சேமித்து வேறொரு சர்வரில் ஏற்றிக்கொள்ளலாம். ஆக, முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை.

இதற்கு எதிர்ப் பக்கமும் நடந்திருக்கிறது. தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31இல் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதைத் தனியாகக் கூட விளையாட முடியாமல் போனது. அந்தக் கோபத்தில் பிறந்த இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்று பொத்தான் வைத்தால், கிடைப்பது உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். என்னைக் கேட்டால் அது பாதிக் கிணறுதான். ஏமாற்றுவதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஏமாற்றலாம் என்பதாகிவிடுகிறது. ஆனாலும் உங்கள் சந்தையில் இன்றும் அந்தப் பொத்தான் 'வாங்கு' என்றுதான் இருக்கிறது. 'இரவல் வாங்கு' என்று மாற்றினால் எத்தனை பேர் அழுத்துவார்கள்?

எல்லாவற்றையும் டிஜிட்டல் உரிமைப் பத்திரமான என்எஃப்டி ஆக்கிவிட்டால் பிரச்சினை தீரும் என்று இங்கேயே சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பத்திரம் என் கையில் இருக்கும், வீடு உங்கள் சர்வரில் இருக்கும். சர்வரை அணைத்தால் பத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு வேண்டியது பத்திரமல்ல, கோப்பு.

அந்தக் கோப்பில் என்னுடையது மட்டும் இருந்தால் போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் சுழலும் கண்ணாடி வில்லை நான் செய்ததல்ல. இங்கே ஒரு கைவினைஞரிடம் நகலெடுக்க அனுமதி இல்லாத பொருளாக வாங்கியது. அதை நான் வெளியே எடுத்துக்கொண்டு போனால் அவர் பிழைப்பில் கைவைத்ததாகும். அது இல்லாமலே என் கோபுரம் வெளியே வரட்டும். விளக்கு அறை காலியாக இருந்தாலும் பரவாயில்லை. எந்தப் பொருளை யார் செய்தார், நகலெடுக்கலாமா, மாற்றலாமா, கைமாற்றலாமா என்ற குறிப்பு ஒவ்வொரு பொருளோடும் உங்கள் சர்வரில் ஏற்கெனவே இருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்யும்போது அதைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பதில் என்ன தடை? உள்ளே ஏற்றுவதற்கு, முப்பரிமாணப் பொருட்களுக்கான பொது வடிவமான ஜிஎல்டிஎஃப் கோப்புகளை மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்கிறீர்கள். அதே வடிவில் வெளியே தர மட்டும் ஏன் மனம் வரவில்லை? உள்ளே போக வழி வைத்து வெளியே வர வழி வைக்காததற்கு எலிப்பொறி என்றுதான் பெயர்.

ஆகவே நான் கேட்பவை இவை. எக்ஸ்போர்ட் பொத்தானை எடுக்கும் முடிவைக் கைவிடுங்கள். ஒருவர் தாமே செய்ததையும், செய்தவர் அனுமதித்ததையும், பொருட்களை இயக்கும் ஸ்கிரிப்டுகள் உட்பட, பிற மென்பொருள்களில் திறக்கக்கூடிய பொது வடிவில் எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள விடுங்கள். கணக்கு முடக்கப்பட்ட நாட்களிலும் அந்த உரிமை இருக்க வேண்டும். உண்மையில் அப்போதுதான் அது மிகவும் தேவை.

வெளி வியூவர்கள் மீதான ஒட்டுமொத்தத் தடையைத் திரும்பப் பெறுங்கள். தவறு செய்த வியூவரை, என்ன தவறு என்று வெளிப்படையாகச் சொல்லி, அதை மட்டும் தடை செய்யுங்கள். குறைந்தபட்சம், உங்கள் சொந்த வியூவரை ஸ்கிரீன் ரீடரோடு பயன்படுத்த முடிகிறது என்று பார்வையற்ற பயனர்களே சோதித்துச் சொல்லும் வரை எழுத்து வியூவர்களைத் தொடாதீர்கள்.

விதிமுறையில் பழைய வரியைத் திரும்ப வையுங்கள். இனி வருகிறவர்களுக்குப் புதிய வரிதான் என்று நீங்கள் முடிவு செய்தாலும், பழைய வரியை நம்பி நாங்கள் கட்டியவற்றின் மீது அதைப் பின்தேதியிட்டுச் சுமத்தாதீர்கள். கணக்கை முடக்கும் முன் காரணத்தையும் ஆதாரத்தையும் காட்டுங்கள். மனுவை 7 நாளுக்குள் ஒரு மனிதர் படித்துப் பதில் சொல்லட்டும். முடங்கிய நாட்களுக்கு வாடகை எடுக்காதீர்கள். ஒருநாள் இந்த உலகத்தை மூட நேர்ந்தால் ஓராண்டுக்கு முன்பே சொல்லிவிட்டு, சர்வர் நிரலை இங்கே இருந்தவர்கள் தாங்களே நடத்திக்கொள்ளும்படி விட்டுச் செல்வோம் என்பதை இப்போதே எழுத்தில் தாருங்கள்.

'உங்கள் கருத்துக்கு நன்றி' என்ற தயார்நிலைப் பதில் வேண்டாம்; அதை நான் முன்பே வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆம் அல்லது இல்லை என்று, கீழே ஒரு மனிதரின் பெயரோடு, 30 நாளுக்குள் எல்லாப் பயனர்களும் பார்க்கும் இடத்தில் பதிலளியுங்கள். அந்தப் பதிலைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே வெளியிடுங்கள். 42ஆம் படியைக் காணோம் என்று சொன்னவரும் அதைப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடலோரத் துண்டு நிலத்தின் கலங்கரை விளக்கக்காரர்